கையெழுத்து முதலில், தைரியம் அப்புறம்

ஒரு சின்னக் கணக்கோடு தொடங்கலாம். டீ ஆறுவதற்குள் போட்டு முடித்துவிடலாம்.

சென்னையில் தெருவோரம் காய்கறிக் கூடை வைத்திருக்கும் ஓர் அம்மா, தண்டல்காரரிடம் 10,000 ரூபாய் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தண்டல்காரர் வட்டியை முதலிலேயே பிடித்துக்கொண்டு 9,000 ரூபாயைக் கையில் கொடுப்பார். தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். கேட்டவுடன், ‘ஆயிரம்தானே, பத்து சதவீத வட்டி’ என்று நமக்குத் தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே கடன் குறைந்துகொண்டு வருகிறது. அந்த நூறு நாளில் அவர் கையில் சராசரியாக இருந்த கடன் சுமார் 4,500 ரூபாய்தான். அதற்கு நூறு நாள் வட்டி 1,000 ரூபாய். ஆண்டுக் கணக்கில் பார்த்தால் 80 சதவீதத்தை ஒட்டி வருகிறது. நாம் வீட்டுக் கடனுக்கு வட்டி கொஞ்சம் குறையுமா என்று நாலு வங்கி ஏறி இறங்குகிறோம்.

அந்த அம்மாவுக்கு இது தெரியாதா? சதவீதமாகச் சொல்லத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் விடியற்காலை நாலு மணிக்குக் கோயம்பேட்டில் தக்காளிப் பெட்டியின் விலையைப் பேசி, அழுகல் எவ்வளவு போகும் என்று கண்ணாலேயே கழித்து, ஆட்டோ கூலியைச் சேர்த்து, கிலோவுக்கு எவ்வளவு சொன்னால் எவ்வளவுக்குப் படியும் என்று மனக்கணக்காகவே முடித்துவிடுபவர் அவர். திறமைக்கு அவரிடம் குறைவில்லை. குறைந்த வட்டிக்குக் கொடுக்க ஆளில்லை என்பதால் தண்டல் வாங்குகிறார்.

அவரிடம் இல்லாதது எது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம். முதலில், முதல். கையில் காசில்லாததால் ஒவ்வொரு நாள் உழைப்பிலும் ஒரு பங்கு வட்டிக்குப் போகிறது. இரண்டாவது, விலை பேசும் பலம். தனியாளாகப் போனால், கொடுக்கிறவர் சொல்வதே விலை. மூன்றாவது, தாளில் ஒரு பெயர். வங்கிக்குப் போனால் அடமானம் கேட்பார்கள். வீட்டுப் பத்திரம், நிலப் பட்டா எல்லாம் பெரும்பாலும் ஆண்களின் பெயரில் இருக்கும். இந்த மூன்றையும் ஒரே இடத்தில் தேடிக்கொள்வதற்கு ஏழைப் பெண்கள் கண்ட வழிகளில் ஒன்றுதான் கூட்டுறவுச் சங்கம். அது எப்படி நடக்கிறது என்பதை நாம் சேர்ந்தே பார்த்துக்கொண்டு போவோம்.

கூட்டுறவு என்றதும் நம் நினைவுக்கு வருவது ரேஷன் கடை, பயிர்க் கடன், நகைக் கடன், ஆவின் பால். எல்லாவற்றிலும் ‘அரசாங்கம்’ என்ற வாசனை இருப்பதால், அதன் அடிப்படை கண்ணில் படுவதில்லை. அடிப்படை எளிமையானது. 1844-இல் இங்கிலாந்தின் ராச்டேல் ஊரில் 28 பேர், பெரும்பாலும் கைத்தறி நெசவாளர்களும் வேறு தொழிலாளர்களும், காசு சேர்த்து ஒரு கடை போட்டார்கள். மாவு, வெண்ணெய், சர்க்கரை, மெழுகுவத்தி என்று நாலைந்து சரக்குதான். கலப்படமில்லாத பண்டம், சரியான எடை என்பது அவர்கள் தேவை. ஆனால் அந்தக் கடையை நடத்த வைத்துக்கொண்ட விதிகள்தான் இன்றுவரை உலகெங்கும் கூட்டுறவின் விதிகளுக்கு அடிப்படையாக இருக்கின்றன.

அவற்றில் மூன்று நமக்குப் போதும். ஒன்று, ஒவ்வொருவரும் ‘பங்குத்தொகை’ போட வேண்டும். அது நன்கொடை இல்லை, சந்தாவும் இல்லை. சொத்தில் அவருடைய பாகம். இரண்டு, யார் எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஓர் ஓட்டுதான். மூன்று, வருகிற உபரியில் கொஞ்சத்தைக் காப்பு நிதியாக ஒதுக்கிவிட்டு, மிச்சத்தை அவரவர் சங்கத்தோடு செய்த வேலை அல்லது வியாபாரத்தின் அளவுக்குப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

சின்ன வயதில் கூட்டாஞ்சோறு ஆக்கியிருப்போம். ஒருத்தி வீட்டிலிருந்து அரிசி, ஒருத்தியிடமிருந்து பருப்பு, இன்னொருத்தி நாலு கத்தரிக்காய். பணக்கார வீட்டுப் பெண் இரண்டு படி அரிசி கொண்டுவந்தால் அவள் சொன்ன குழம்புதான் என்று ஆனால், அது கம்பெனி. யார் எவ்வளவு கொண்டுவந்தாலும் என்ன குழம்பு என்பதை எல்லோரும் சேர்ந்து முடிவு செய்தால், அது கூட்டுறவு. கம்பெனியில் பணத்துக்கு ஓட்டு. கூட்டுறவில் ஆளுக்கு ஓட்டு. இதை மறக்காமல் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

இப்போது, கிட்டத்தட்ட எல்லோரிடமும் இருக்கிற ஒரு தவறான எண்ணத்துக்கு வருவோம். ‘ஏழைப் பெண்களுக்கு முதலில் பயிற்சி கொடுக்க வேண்டும். பயிற்சியால் தன்னம்பிக்கை வரும். தன்னம்பிக்கை வந்த பிறகு பொறுப்பைக் கொடுக்கலாம்.’ கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நல்ல மனம் படைத்தவர்கள் நடத்தும் பெரும்பாலான திட்டங்கள் இந்த வரிசையில்தான் போகின்றன.

அதன் முடிவையும் நாம் பார்த்திருக்கிறோம். மூன்று மாதத் தையல் பயிற்சி. நிறைவு விழாவில் குத்துவிளக்கு, சான்றிதழ், குரூப் போட்டோ, ஆளுக்கொரு தையல் மெஷின். ஆறு மாதம் கழித்து அந்த வீட்டுக்குப் போனால் மெஷின் மேல் துவைத்த துணி மடித்து வைத்திருக்கும். தைக்கத் தெரியாததால் இல்லை. துணியை மொத்த விலைக்கு எங்கே வாங்குவது, யார் ஆர்டர் கொடுப்பார்கள், கடைக்காரர் இரண்டு மாதம் பணம் தராமல் இழுத்தால் என்ன செய்வது, ஒரு பிளவுஸுக்கு எவ்வளவு கேட்டால் கட்டுப்படியாகும் என்ற கேள்விகள் பயிற்சியில் வரவில்லை. ஊசி முனையில் இருந்த பிரச்சினை சிறியது. ஊசிக்கு முன்னும் பின்னும் இருந்ததுதான் பெரியது.

நன்றாக ஓடிய சங்கங்களின் கதையைப் பார்த்தால் வரிசை தலைகீழாக இருக்கிறது. பொறுப்பு முதலில் வந்துவிடுகிறது. பயந்துகொண்டேதான் அதைச் செய்கிறார்கள். அந்தப் பொறுப்பைச் சமாளிக்க எது தேவையோ அதைக் கற்றுக்கொள்கிறார்கள். தைரியம் கடைசியில் வந்து சேர்கிறது. இதற்கு நல்ல சாட்சி அகமதாபாத்தில் இருக்கிறது. அங்கே கொஞ்சம் போய்வருவோம்.

1970களின் தொடக்கத்தில் அகமதாபாத் பஞ்சாலைகளின் நகரம். ஆலைத் தொழிலாளர்களுக்கு மஜூர் மகாஜன் என்ற வலுவான தொழிற்சங்கம் இருந்தது. அதன் மகளிர் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தவர் எலா பட் என்ற வழக்கறிஞர். ஆலைக்கு வெளியே, ஜவுளிச் சந்தையில் துணி மூட்டை சுமக்கிற பெண்கள் அவரிடம் வந்தார்கள். எவ்வளவு தூரம் சுமந்தாலும் நடைக்கு இவ்வளவு என்றுதான் கூலி, எத்தனை நடை என்பதற்கும் கணக்குக் கிடையாது என்பது அவர்கள் குறை. எலா பட் அதைச் செய்தித்தாளில் எழுதினார். வியாபாரிகள் கோபப்பட்டு, ‘நாங்கள் நியாயமான கூலிதான் கொடுக்கிறோம்’ என்று மறுப்பு வெளியிட்டார்கள். எலா பட் அந்த மறுப்பையே அட்டைகளில் அச்சடித்துச் சுமைதூக்கும் பெண்களிடம் கொடுத்துவிட்டார். ‘நீங்களே சொன்ன கூலியைக் கொடுங்கள்’ என்று கேட்க அவர்கள் கையில் ஒரு தாள் இருந்தது.

இப்படித் தொடங்கியதுதான் ‘சேவா’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் சுயதொழில் பெண்கள் சங்கம். 1972-இல் அதைத் தொழிற்சங்கமாகப் பதிவு செய்யப் போனபோது, தொழிலாளர் துறை தயங்கியது. முதலாளி யார் என்றே தெரியாதபோது யாரை எதிர்த்துச் சங்கம் என்பது அதிகாரிகளின் கேள்வி. சங்கம் என்பது ஒருவரை எதிர்க்க மட்டுமில்லை, தொழிலாளர்கள் ஒன்றுசேரவும்தான் என்று வாதாடிப் பதிவு வாங்கினார்கள்.

அடுத்து, நாம் முதலில் பார்த்த வட்டிக் கணக்கு அங்கேயும் வந்து நின்றது. 1969-இல் வங்கிகள் தேசியமயமாகியிருந்தன. ஏழைகளுக்கும் கடன் கொடுக்கச் சொல்லி உத்தரவும் இருந்தது. ஆனால் காய்கறிக் கூடையோடும் கைக்குழந்தையோடும் வரிசையில் நிற்கும் பெண்களிடம் எப்படிப் பேசுவது என்று வங்கி ஊழியர்களுக்குத் தெரியவில்லை. இந்தப் பெண்களுக்கும் வங்கியிடம் எப்படிப் பேசுவது என்று தெரியவில்லை. 1973 கடைசியில் நடந்த ஒரு கூட்டத்தில், ‘நமக்கே ஒரு வங்கி வேண்டும்’ என்ற யோசனை எழுந்தது. அதைச் சொன்னவர்கள் பொருளாதாரம் படித்தவர்கள் இல்லை. பழைய துணி வாங்கி விற்பவர்களும் கூடை சுமப்பவர்களும்தான்.

1974-இல் 4,000 பெண்கள் தலைக்குப் பத்து ரூபாய் பங்குத்தொகை போட்டார்கள். கூட்டுறவு வங்கியாகப் பதிவு செய்ய வேண்டும். அதிகாரிகளுக்கு நம்பிக்கையில்லை. எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் எப்படி வங்கி நடத்துவார்கள்? பதிவுத் தாள்களில் கைநாட்டு செல்லாது, முதல் உறுப்பினர்கள் கையெழுத்துப் போட்டாக வேண்டும் என்றார்கள். அந்தப் பெண்கள் இரவெல்லாம் உட்கார்ந்து, தங்கள் பெயரைப் பிழையில்லாமல் எழுதப் பழகினார்கள். மறுநாள் போய்ப் போட்டார்கள். வங்கி பதிவானது.

இந்த இடத்தில் நாம் சற்று நிற்க வேண்டும். முதியோர் கல்வித் திட்டம் ஒன்று வந்து, ஆறு மாதம் அ, ஆ கற்றுக்கொடுத்து, அதற்குப் பிறகு வங்கி தொடங்கலாம் என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பாதிப் பேர் வகுப்புக்கு வந்திருக்க மாட்டார்கள். கூலிக்குப் போகிற பெண்ணுக்கு எதற்கென்று தெரியாத படிப்புக்கு நேரமில்லை. ஆனால் நாளைக் காலை என் வங்கிக்கு என் கையெழுத்து வேண்டும் என்றால், ஓர் இரவு போதும். காரணம் முதலில் வந்தது, கல்வி பின்னால் ஓடி வந்தது. வரிசை தலைகீழ் என்று சொன்னேனே, அது இதுதான்.

வங்கி தொடங்கியபின் இன்னொரு சிக்கல் வந்தது. நிர்வாகிகள் கையெழுத்துக் கற்றுக்கொண்டார்கள் சரி, ஆயிரக்கணக்கான வாடிக்கையாளர்கள்? அதற்குச் சேவா வங்கி கண்ட வழி புகைப்படம். கணக்கு எண்ணை எழுதிய சிலேட்டைக் கையில் பிடித்துக்கொண்டு அந்தப் பெண் படம் எடுத்துக்கொள்வார். அந்தப் படம் பாஸ்புக்கில் ஒட்டப்படும். முகமே கையெழுத்து. இன்னார் மனைவி, இன்னார் மகள் என்றே எல்லாத் தாளிலும் இருந்தவருக்கு, சொந்த முகமும் சொந்தப் பெயரும் சொந்த எண்ணும் உள்ள ஒரு புத்தகம் கிடைத்தது. நாம் மூன்றாவதாகச் சொன்ன குறை, தாளில் பெயர் இல்லாதது, இப்படித் தீர்ந்தது. சேமிப்பை வாங்க வங்கியின் ஆட்கள் குடியிருப்புக்கும் சந்தைக்கும் நேரில் போனார்கள். ஒரு நாள் வியாபாரத்தை விட்டுவிட்டு வங்கிக்கு வரச் சொன்னால், அதுவும் ஒரு வட்டிதானே.

இரண்டாவது குறை விலை பேசும் பலம். அதற்கும் அகமதாபாத்திலேயே ஒரு பாடம் உண்டு. ஆலையில் கழித்துப் போடும் துண்டுத் துணிகளை வைத்துப் பஞ்சுப் போர்வைக்கு உறை தைக்கிற பெண்கள் அங்கே இருந்தார்கள். பலர் வீட்டை விட்டு அதிகம் வெளியே வராத இஸ்லாமியப் பெண்கள். வியாபாரி துணித் துண்டைக் கொடுப்பார், தைத்துக் கொடுத்தால் உறைக்கு இவ்வளவு என்று கூலி. சங்கமாகச் சேர்ந்து கூலி உயர்வு கேட்டார்கள், வியாபாரிகளும் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் அதன்பின், கேட்டவர்களுக்கு வேலை கொடுப்பதையே நிறுத்தத் தொடங்கினார்கள். தொழிற்சங்கத்தின் எல்லை இங்கே தெரிகிறது. வேலை கொடுப்பவர் கையை மடக்கிக்கொண்டால், கோரிக்கை அட்டையை வைத்து அடுப்பு எரிக்க முடியாது.

அதனால் அந்தப் பெண்கள் கூட்டுறவாகத் திரண்டார்கள். வியாபாரியை விட்டுவிட்டு ஆலையிடமிருந்து நேரே துணித் துண்டு வாங்கி, தாங்களே தைத்து, தாங்களே விற்க முற்பட்டார்கள். எல்லோருக்கும் அதில் வேலை கிடைத்துவிடாது. கிடைக்கவும் வேண்டாம். ‘இங்கே இல்லாவிட்டால் அங்கே’ என்று போக ஓர் இடம் இருந்தாலே வியாபாரியின் பேச்சு மாறும். தொழிற்சங்கம் கூலியைக் கேட்கும்; கூட்டுறவு, கேட்டதற்காகப் பட்டினி கிடக்காமல் பார்த்துக்கொள்ளும். சேவா இன்றுவரை இரண்டையும் சேர்த்தே நடத்துகிறது.

சரி, ‘திறன்’ என்பது எங்கே வருகிறது? இதற்கு நமக்கு நன்கு தெரிந்த பண்டமான அப்பளத்தை எடுத்துக்கொள்வோம். 1959 மார்ச் 15 அன்று, மும்பை கிர்காவ் பகுதியில் ஒரு குடியிருப்பின் மொட்டை மாடியில் ஏழு பெண்கள் அப்பளம் இட்டார்கள். கையிலிருந்த முதல் 80 ரூபாய், கடனாக வாங்கியது. அன்றைக்கு நான்கு பாக்கெட் தேறியது. அதுதான் பின்னால் ‘லிஜ்ஜத்’ ஆனது. அவர்களில் ஒருவரான ஜஸ்வந்திபென் ஜம்னாதாஸ் போபட் 2021-இல் பத்மஸ்ரீ பெற்றார். சட்டப்படி லிஜ்ஜத் கூட்டுறவுச் சங்கமாகப் பதிவானதில்லை. 1966-இல் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவானது. ஆனால் நடைமுறை கூட்டுறவுதான். அப்பளம் இடுகிற பெண்கள்தான் உரிமையாளர்கள். இன்று சுமார் 45,000 பேர்.

ஆரம்பத்திலேயே அவர்கள் இரண்டு முடிவு எடுத்தார்கள். நஷ்டம் வந்தாலும் நன்கொடை வாங்குவதில்லை. மட்டமான சரக்கு ஒன்று, உசத்தியான சரக்கு ஒன்று என்று இரண்டு தரம் போடுவதில்லை, ஒரே தரம்தான். முதல் மழைக்காலத்தில் அப்பளம் காயவில்லை, நாலு மாதம் வேலை நின்றது. அடுத்த ஆண்டு ஒரு கட்டிலும் ஓர் அடுப்பும் வாங்கினார்கள். கட்டிலின் மேல் அப்பளம், கீழே அடுப்பு. மழை பெய்தாலும் வேலை நடந்தது. யாரும் வந்து ‘தொழில்முனைவோர் பயிற்சி’ கொடுத்துச் சொல்லித்தந்த யோசனை இல்லை. நஷ்டம் தங்கள் நஷ்டம் என்றால் மூளை வேலை செய்யும்.

லிஜ்ஜத்தின் அன்றாட வேலை இப்படி நடக்கிறது. பிசைந்த மாவு கிளையில் தயாராக இருக்கும். காலையில் உறுப்பினர்கள் வந்து அவரவர் அளவுக்கு மாவு வாங்கிப் போவார்கள். வீட்டில் இட்டு, காயவைத்து, மறுநாள் கொண்டுவந்து கொடுத்து, கூலியை வாங்கிக்கொண்டு அடுத்த மாவை எடுத்துப் போவார்கள். அளவு, கனம், காய்ச்சல் சரியில்லை என்றால் அந்த அப்பளம் திரும்பிவிடும். திருப்பி அனுப்புகிறவரும் அப்பளம் இட்டு மேலே வந்த இன்னொரு பெண்தான்.

இங்கேதான் ஒரு முக்கியமான திறன் பிறக்கிறது. அப்பளம் இடுவது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தவர் ஒருவர் கொண்டுவந்ததைப் பார்த்து, முகம் கோணாமல், ‘இது சரியில்லை, அக்கா’ என்று சொல்வது யாருக்கும் எளிதில் வராது. அதைக் கேட்டுக்கொண்டு, கோபித்துக்கொண்டு போகாமல் மறுநாள் சரியாக இட்டுக் கொண்டுவருவது அதைவிடக் கடினம். வீட்டுக்குள் உறவுகளோடு மட்டுமே பழகியவர்கள், வேலை தொடர்பான பேச்சை உறவுப் பேச்சிலிருந்து பிரிக்கக் கற்றுக்கொள்கிறார்கள். எந்தத் தொழிலுக்கும் இதுதான் அடித்தளம்.

இன்னொரு திறன் விலைக் கணக்கு. ஒரு துணிப்பையை எடுத்துக்கொள்வோம், கணக்குக்காக மட்டும். துணி 28 ரூபாய், நூலும் பிடியும் 4 ரூபாய். கடைக்காரர் 45 ரூபாய்க்கு எடுக்கிறார். மீதி 13. அரை மணிக்கு ஒரு பை என்றால் எட்டு மணி நேரத்தில் 16 பை, 208 ரூபாய். அதிலிருந்து கரண்ட், பஸ், கோணலாகிக் கழிந்த இரண்டு பை எல்லாம் போக வேண்டும். கூலிக்குத் தைக்கிறவருக்கு இந்த 45 என்ற எண்ணே காதில் விழாது. ‘பைக்கு ஆறு ரூபாய்’ என்பதோடு அவர் உலகம் முடிந்துவிடும். சங்கத்தில் வரவு செலவு உரக்கப் படிக்கப்படுகிறது. துணியை மொத்தமாக வாங்கினால் என்ன குறையும், கடைக்காரரை விட்டு நேரே கல்யாண வீட்டுக்குக் கொடுத்தால் என்ன கூடும் என்று அங்கே எல்லோரும் பேசலாம். நாலு கூட்டம் வாயைத் திறக்காதவர் ஐந்தாவது கூட்டத்தில், ‘ஆட்டோ கூலி போன மாசம் இவ்வளவு இல்லையே’ என்று கேட்பார். தன்னம்பிக்கை என்று நாம் பெரிய வார்த்தையில் சொல்வது, பெரும்பாலும் இப்படி ஒரு சின்னக் கேள்வியாகத்தான் முதலில் வெளியே வரும்.

தமிழ்நாட்டிலும் இந்த வழி புதிதில்லை. காங்கிரஸில் பணியாற்றிவந்த ஜெயா அருணாசலம் 1978-இல் சென்னையில் ‘வொர்க்கிங் விமன்ஸ் ஃபோரம்’ அமைப்பைத் தொடங்கினார். காய்கறி, பூ, மீன், இட்லி விற்கும் பெண்கள் ஒரே தெருவிலிருந்து சிறு குழுவாகச் சேர்ந்து, ஒருவருக்கொருவர் பொறுப்பேற்றுக் கடன் வாங்கினார்கள். முதலில் வங்கிகள் மூலம். அங்கே தாமதமும் தடையும் அதிகமாகவே, 1981-இல் தங்களுக்கென்று கூட்டுறவுக் கடன் சங்கம் வைத்துக்கொண்டார்கள். அடமானமாக வைக்க நகையோ நிலமோ இல்லாத இடத்தில், பக்கத்து வீட்டுக்காரியின் வாக்கு அடமானம் ஆனது. யார் நாணயமாகக் கட்டுவார் என்பது வங்கி மேலாளரைவிடத் தெருவுக்கு நன்றாகத் தெரியும்.

அப்படியானால் மகளிர் சுயஉதவிக் குழுவும் இதுதானா என்று நீங்கள் கேட்கலாம். கிட்டத்தட்ட அக்கா தங்கை. 1989-இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கிய திட்டம் தமிழகமெங்கும் பரவி, ஊக்குநர், பிரதிநிதி, தீர்மானப் புத்தகம் என்ற சொற்களை ஊர் ஊராகக் கொண்டுசேர்த்தது. பன்னிரண்டு முதல் இருபது பேர் சேமித்து, தங்களுக்குள்ளேயே உள்கடன் கொடுத்துக்கொள்கிறார்கள். குழு என்பது சேமிப்பின் அலகு. அதற்கு மேல் சேர்ந்து ஒரு தொழிலையோ வங்கியையோ சொந்தமாக நடத்தத் துணிந்தால் அது கூட்டுறவின் பக்கம் வந்துவிடுகிறது.

ஆனால் இதே குழு வடிவத்தை வைத்துக்கொண்டு வீடு தேடி வரும் தனியார் நுண்கடன் நிறுவனம் வேறு. அங்கேயும் பத்துப் பெண்கள் சேர்ந்து உட்காருகிறார்கள், ஒருவருக்கு ஒருவர் பொறுப்பு. பார்க்க ஒன்றுபோல இருக்கும். 2010-இல் ஆந்திரத்தில் இந்தக் கடன்களின் வசூல் நெருக்கடி முற்றிப்போய் அரசு அவசரச் சட்டம் கொண்டுவர வேண்டி வந்தது. இரண்டையும் பிரித்தறிய ஒரு கேள்வி போதும்: கட்டுகிற வட்டி கடைசியில் எங்கே போய்ச் சேர்கிறது? சங்கத்தில் அது உறுப்பினர்களின் காப்பு நிதிக்கும் பங்குக்கும் திரும்பும். கம்பெனியில் அந்தத் தெருவைப் பார்த்தேயிராத முதலீட்டாளரிடம் போகும். பொறுப்பு மட்டும் பெண்களுக்கு, உடைமை வேறொருவருக்கு என்றால் அது கூட்டாஞ்சோறு இல்லை.

கூட்டுறவு என்று பெயர்ப்பலகை இருப்பதாலேயே எல்லாம் சரியாக நடந்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். தலைவி பெயரில் கணவர் முடிவெடுக்கும் சங்கங்கள் உண்டு. படித்த ஒருவரே செயலாளர், பொருளாளர், கணக்கர் எல்லாமாகி, மற்றவர்கள் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடும் சங்கங்கள் உண்டு. மானியம் வரும்வரை மட்டும் உயிரோடு இருப்பவை உண்டு. வீட்டு வேலை குறையாமல் சங்க வேலையும் சேர்ந்துகொண்டால், பெண்ணின் நாள் இரண்டு மணி நேரம் நீளுகிறது. கடன் கட்ட முடியாமல் தவிப்பவரைக் குழுவே வாசலில் நின்று அவமானப்படுத்திய கதைகளும் உண்டு. ஒருவருக்கொருவர் பொறுப்பு என்பது கைத்தாங்கலாகவும் இருக்கலாம், கழுத்தைப் பிடிப்பதாகவும் ஆகலாம். நோய், சாவு, மழை என்று காரணம் இருக்கும்போது தவணையைத் தள்ளிவைக்க விதி இருக்கிறதா என்பதைப் பொறுத்தது அது.

ஆகவே ஒரு சங்கம் உண்மையிலேயே அந்தப் பெண்களுடையதா என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால், அங்கே எத்தனை பேருக்குப் பயிற்சி கொடுத்தார்கள் என்று கேட்க வேண்டாம். செக்கில் கையெழுத்துப் போடுவது யார்? தலைவி கடைசியாக எப்போது மாறினார்? போன கூட்டத்தில் வரவு செலவைப் படித்தது யார்? உபரி எப்படிப் பிரிந்தது? எந்தத் தீர்மானமாவது எப்போதாவது தோற்றிருக்கிறதா? கடைசிக் கேள்வி மிக முக்கியம். எல்லாத் தீர்மானமும் ஒருமனதாகவே நிறைவேறுகிற சங்கத்தில் யாரும் இன்னும் பேசத் தொடங்கவில்லை என்று அர்த்தம்.

நம்மால் என்ன செய்ய முடியும் என்றால், பெரிதாக ஒன்றும் வேண்டாம். விழாவுக்கோ அலுவலகத்துக்கோ பையோ பலகாரமோ சாப்பாடோ தேவைப்படும்போது, பக்கத்தில் இருக்கும் மகளிர் சங்கத்துக்கு ஆர்டர் கொடுங்கள். பெண்கள் சங்கம்தானே என்று விலையைக் குறைத்துக் கேட்காதீர்கள். பரிதாபப்பட்டு மட்டமான சரக்கை வாங்கிக்கொள்ளவும் செய்யாதீர்கள். சரியில்லை என்றால் திருப்பிக் கொடுங்கள். முக்கியமாக, பணத்தைச் சொன்ன தேதியில் கொடுத்துவிடுங்கள். தையல் மெஷின் நன்கொடை கொடுப்பதைவிட, தைத்த பைக்கு ஒரு வாரத்துக்குள் பணம் கொடுப்பது அவர்களுக்கு அதிக நாள் சோறு போடும்.